அளவெடுக்காத வட்டங்கள்: அமெரிக்க ஒட்டுப் போர்வையின் வரலாறு

மேலே துண்டு துண்டாக இணைத்த துணி, நடுவே பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றையும் நழுவவிடாமல் பிடித்து ஊடே ஓடும் ஓட்டுத்தையல். குவில்ட் எனப்படும் ஒட்டுப் போர்வையின் கட்டுமானம் இவ்வளவுதான். மேல்துணியை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. அட்டையில் வடிவத்தை வெட்டிவைத்து, அதைச் சுற்றிக் கோடு போட்டு, ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கிச் சேர்ப்பது முதல் வழி. வரைவோ அளவோ இல்லாமல், தைத்து முடித்த பகுதியைப் பார்த்து அடுத்த துண்டைத் தேர்ந்தெடுத்துக் கைப்போக்கில் இணைத்துக்கொண்டே போவது இரண்டாவது வழி.

‘நவீன குவில்ட்’ என்ற பெயருடன் இந்த நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியுள்ள போர்வைகள் பலவற்றில் இரண்டாவது வழியைக் காணலாம். சற்றே கோணிய வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றான வளையங்கள், ஒரே நிறத்தில் விடப்பட்ட வெற்றிடம் ஆகியவை அவற்றில் அடிக்கடி வரும். வட்டமும் கைப்போக்கும் இன்று சேர்த்தே பேசப்பட்டாலும், அவை பெரும்பாலும் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தவை. வட்டம் அட்டை அளவையும் கூடுதல் துணியையும் கேட்கும் வடிவம். கைப்போக்கு, துணிக்குத் தட்டுப்பாடு இருந்த வீடுகளில் பிழைப்புக்காகப் பழகிய வேலைமுறை. இரண்டும் ஒன்றுசேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கடல் கடந்த சீட்டித்துணி

இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்தையல் போர்வைகளில் ஒன்று, வடக்கே லெவன்ஸ் ஹால் மாளிகையில் உள்ளது. ஏறக்குறைய 1708-இல் செய்யப்பட்ட அந்தப் போர்வை முழுவதும் இந்தியச் சீட்டித்துணியால் ஆனது. மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையிலான சோழமண்டலக் கரை, கையால் சாயம் தீட்டிய பருத்தித்துணிக்கு அந்தக் காலத்தில் பெயர்பெற்றது. துவைத்தாலும் மங்காத அந்த நிறம் ஐரோப்பியருக்குப் புதிது. இறக்குமதி பெருகியதும் உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். இங்கிலாந்து அரசு 1701-இலும் 1721-இலும் சட்டம் போட்டு இந்தத் துணிகளைத் தடுத்தது. கிடைத்த துணியின் மதிப்பு கூடியது. கிழிந்த திரைச்சீலையின் ஓரம்கூடக் குப்பைக்குப் போகவில்லை.

இந்தச் சிக்கனத்திலிருந்து இன்னொரு தையல் முறையும் வளர்ந்தது. சீட்டித்துணியில் அச்சான பூ, பறவை, மரம் ஆகியவற்றை மட்டும் உருவத்தின் ஓரமாகவே வெட்டியெடுத்து, வெறும் வெள்ளைத் துணியின்மேல் பரப்பித் தைத்தனர். விலையுயர்ந்த துணி ஒரு முழம் இருந்தால் பெரிய படுக்கை விரிப்பையே நிரப்பிவிடலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வசதியான குடும்பங்களில் இது வழக்கமாயிற்று. நடுவில் வட்ட மாலைபோல் பூக்களை அமைப்பது அவர்களுக்குப் பிடித்த அமைப்பு. அந்த வட்டம் மேலே ஒட்டவைத்த வட்டமே. இரண்டு துணிகளைப் பக்கவாட்டில் இணைத்து வட்டம் தைப்பது இதைவிடக் கடினமானது.

வட்டத்தின் சிக்கல்

துணி என்பது பாவும் ஊடையும் நேர்கோணத்தில் பின்னிய பரப்பு. இழை போகும் திசையில் இழுத்தால் அது அவ்வளவாக நீளாது. மூலைவாட்டில், அதாவது தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் திசையில் இழுத்தால் நீளும். நேர்கோட்டில் வெட்டினால் ஓரம் முழுவதும் ஒரே குணம்தான். வட்டமாக வெட்டினால் ஓரம் நான்கு இடங்களில் இழையோடு சேர்ந்தும் நான்கு இடங்களில் முழுக் கிராஸாகவும் ஓடும். ஒரே சுற்றில் ஓரிடம் விறைப்பாகவும் அடுத்த இடம் இழுபடுவதாகவும் இருக்கும்.

அடுத்த சிக்கல் அளவில் வருகிறது. தைத்து முடித்தபின் 6 அங்குல விட்டமுள்ள வட்டம் வேண்டும், தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உள்ளே பொருந்தும் வட்டத்தை 6½ அங்குல விட்டத்திலும், வெளித்துணியில் உள்ள துளையை 5½ அங்குல விட்டத்திலும் வெட்ட வேண்டும். முதல் ஓரத்தின் சுற்றளவு சுமார் 20.4 அங்குலம், இரண்டாவது 17.3 அங்குலம். 3 அங்குலத்துக்கு மேல் வித்தியாசமுள்ள இரண்டு ஓரங்களைச் சுருக்கமில்லாமல் சேர்த்துத் தைத்தாக வேண்டும். இதற்காகத் துளையின் ஓரத்தில் தையல் கோட்டைத் தொடாமல் சிறுசிறு வெட்டுகள் போடுவார்கள். வெட்டிய ஓரம் விரிந்து கொடுக்கும். இரண்டு துணிகளையும் நான்காக மடித்து மடிப்புத் தடங்களை ஒன்றோடொன்று பொருத்தி, குண்டூசி குத்தி, மெதுவாகத் தைத்தால்தான் வட்டம் படிந்து உட்காரும்.

விரயமும் உண்டு. சதுரத் துணியில் முழுமையாக அடங்கும் வட்டத்தை வெட்டினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மூலைகளில் கழிந்துவிடும். பட்டைகளாகவும் சதுரங்களாகவும் நறுக்கினால் கழிவு அநேகமாக இல்லை. துணிக்குத் தவித்த வீடுகளில் வட்டங்கள் அரிதாக இருந்ததற்கு இதுவே போதுமான காரணம்.

நாளேட்டில் வந்த அளவுகள்

19-ஆம் நூற்றாண்டில் ஆலைத்துணி மலிவானதும் ஒட்டுப் போர்வை அமெரிக்காவின் நடுத்தர வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் பரவியது. நடுவில் சிறு சதுரம் வைத்து நான்கு புறமும் பட்டைகளைச் சுற்றிக்கொண்டே வரும் ‘மரக்குடில்’ அமைப்பு 1860-களில் பெருவழக்கானது. 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் ஜப்பானியக் கலைப்பொருள்களைப் பார்த்த பிறகு சமச்சீரற்ற வடிவங்கள்மேல் மோகம் பிறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பட்டும் வெல்வெட்டும் கண்டபடி இணைத்து, தையல்மேல் பூவேலை செய்த ‘கிறுக்குக் குவில்ட்’ செல்வந்தர் வரவேற்பறைகளில் இடம்பிடித்தது. பார்வைக்கு அது கைப்போக்கு. ஆனால் அது போர்த்திக்கொள்ளச் செய்யப்பட்டதல்ல. அடித்துணியின்மேல் ஒட்டி அலங்கரிக்கப்பட்ட காட்சிப்பொருள்.

வட்டத்தை ஏறக்குறைய விரயமில்லாமல் பயன்படுத்திய அமைப்பு ‘குடிகாரன் பாதை’. சதுரத்தின் ஒரு மூலையில் கால்வட்டம் வெட்டி, வேறு நிறச் சதுரத்தில் வெட்டிய கால்வட்டத்தை அதில் பொருத்துவார்கள். இரு நிறங்களும் இடம் மாறிக்கொள்ளும். பல கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் தள்ளாடி நடப்பதுபோன்ற பாதை உருவாகும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுவிலக்கு இயக்கப் பெண்கள் இதை நீலத்திலும் வெள்ளையிலும் தைத்தனர்.

1920-களின் இறுதியில் நாளேடுகளும் வார ஏடுகளும் வடிவப் படங்களை அச்சிடத் தொடங்கின. ‘கன்சாஸ் சிட்டி ஸ்டார்’ 1928 முதல் தொடர்ந்து வெளியிட்டது. ஒன்றோடொன்று கோத்த வளையங்களைக் கொண்ட ‘இரட்டைத் திருமண மோதிரம்’ பரவியதும் இதே காலத்தில்தான். ஒவ்வொரு வளையமும் சிறு ஆப்புத் துண்டுகளால் ஆனதால் மிச்சத் துணி அதற்குப் பயன்பட்டது. ஆனாலும் அட்டை அளவு இல்லாமல் அதைச் செய்ய முடியாது. ஓர் ஆப்பு நூலிழை அளவு பிசகினாலும் வளையம் மூடாது. 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்குச் சுமார் 24,000 போர்வைகள் வந்தன. முதல் பரிசு 1,200 டாலர். புதுமையான வடிவங்களைவிட மரபான, நுணுக்கமாகத் தைத்தவற்றையே நடுவர்கள் தேர்ந்தெடுத்தனர். நல்ல போர்வை என்றால் பிசகாத அளவு என்ற எண்ணம் பொதுமக்களிடம் இப்படி வேரூன்றியது.

ஆற்று வளைவில் ஒரு கிராமம்

அந்த எண்ணம் எட்டாத இடங்களும் இருந்தன. அலபாமா மாநிலத்தில், வில்காக்ஸ் மாவட்டத்தில், அலபாமா ஆறு மூன்று புறமும் வளைந்து சூழ்ந்த நிலப்பகுதி ஜீஸ் பெண்ட். 1816-இல் வட கரோலினாவிலிருந்து வந்த ஜோசப் ஜீ அங்கே பருத்திப் பண்ணை அமைத்தார். 1845-இல் 29,000 டாலர் கடனுக்கு ஈடாகப் பண்ணை மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டு அவர் நூறு பேர் வரையிலான அடிமைகளை வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே அங்கு நடத்திவந்தார். விடுதலைக்குப் பிறகும் அவர்களின் வழிவந்தோர் அங்கேயே குத்தகைக்குப் பயிரிட்டனர். இன்றும் அந்த ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே.

1932-இல், கடனுக்கு விதையும் பொருளும் கொடுத்துவந்த வணிகர் ஒருவர் இறந்ததும், அவர் குடும்பத்தார் பாக்கிக்காக ஊரில் இருந்த கால்நடை, ஏர், தானியம் அனைத்தையும் அள்ளிச் சென்றனர். செஞ்சிலுவைச் சங்க உணவால்தான் அந்தக் குளிர்காலம் கழிந்தது. பிறகு மத்திய அரசு நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டி, குடும்பங்களுக்கே விற்றது. 1937-இல் அரசுப் புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டீன் எடுத்த படங்களில், காற்று புகாமலிருக்கச் சுவர் முழுவதும் நாளிதழ் ஒட்டிய மரவீடுகளைக் காணலாம்.

அந்த வீடுகளுக்குப் போர்வைதான் கதகதப்பு. புதுத்துணி வாங்க வழியில்லை. வயலில் உழைத்துத் தேய்ந்த டெனிம் கால்சட்டை, சட்டை, மாவு மூட்டைத் துணி எல்லாமே பட்டைகளாயின. பருத்தி அரவை ஆலையின் தரையில் கூட்டிய கழிவுப் பஞ்சைக் கோலால் அடித்துப் பரப்பி நடுவில் வைத்தனர். முழங்காலில் கிழிந்த கால்சட்டையின் பின்பக்கம் நன்றாயிருந்தால் அந்த நீளத்துக்கு ஒரு பட்டை. பட்டை குட்டையாக இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது, நீளமாக இருந்தால் நறுக்குவது. சட்டைப்பை இருந்த இடத்தில் வெளுக்காத கருநீலச் சதுரம் தெரியும். அதுவும் வடிவத்தில் சேர்ந்துகொள்ளும். சதுரத்தைச் சுற்றிப் பட்டைகள் வளரும் அமைப்பு அங்கே ‘வீட்டுக்கூரை’. எந்த அமைப்பிலும் அடங்காமல் தானே கண்டுபிடித்துத் தைத்ததற்கு ‘என் வழி’ என்று பெயர். 1941-இல் கணவரை இழந்த மிசௌரி பெட்வே, அவருடைய வேலை உடைகளைக் கொண்டு 1942-இல் ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவைப் போர்த்திக்கொள்ளவே அம்மா அதைத் தைத்தார் என்று மகள் ஆர்லோன்சியா பின்னாளில் நினைவுகூர்ந்தார். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இன்று அது உள்ளது.

1960-களில், கறுப்பினத்தவரின் வாக்குரிமைப் போராட்டத்தின்போது, ஊர் மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆற்றைக் கடந்து காம்டன் நகருக்குப் போகத் தொடங்கினர். 1962-இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2006-இல்தான் திரும்ப வந்தது. இந்தப் போராட்டச் சூழலில், 1966-இல், ஃபிரான்சிஸ் வால்டர் என்ற பாதிரியாரின் முயற்சியாலும் எஸ்டெல் விதர்ஸ்பூன் போன்றோரின் தலைமையாலும் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவு அருகிலுள்ள ஆல்பெர்ட்டாவில் உருவானது. நியூயார்க் கடைகள் ஆர்டர் கொடுத்தன. எல்லாப் போர்வையும் ஒரே அளவில், ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. கூலிக்காக அளவுத் தையலைப் பழகிய பெண்கள், வீட்டுக்குத் தைப்பதைப் பழைய வழியிலேயே தொடர்ந்தனர். 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் தலையணை உறைகளுக்கு ஒப்பந்தம் செய்தபோது, வெட்டி மிஞ்சிய துணி வீடுகளுக்கு வந்தது. வரிவரியாகத் தடித்த அந்தத் துணியில் சிறு துண்டுகள் சரிப்படாது. அதனால் அகலமான பட்டைகளாக இணைத்த கார்டுராய் போர்வைகள் பல அங்கே பிறந்தன.

சுவரில் ஏறிய போர்வை

போர்வையை ஓவியமாகப் பார்க்கும் கண் ஐரோப்பாவில் முன்பே திறந்திருந்தது. உக்ரைனில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஓவியர் சோனியா டெலோனே, 1911-இல் பிறந்த தன் மகனுக்காக, சிறுவயதில் பார்த்த உழவர் வீட்டு வழக்கப்படி ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைத்தார். துண்டுகள் அக்கம்பக்கமாக நின்று நிறத்தால் ஒன்றையொன்று அசைப்பதை அதில் கண்டு, அதே முறையை மற்றப் பொருள்களிலும் ஓவியங்களிலும் கையாண்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவரும் கணவர் ராபர்ட்டும் வரைந்த படங்களை உடைந்த வளையங்களும் நிறத் தட்டுகளும் நிறைத்தன. இன்றைய நவீன குவில்ட் வட்டங்களுக்கும் அந்த ஓவியங்களுக்கும் நிறையச் சாயல் உண்டு.

அமெரிக்காவில் திருப்பம் 1971-இல் வந்தது. ஜொனதன் ஹோல்ஸ்டீனும் கேல் வான் டெர் ஹூஃபும் சேகரித்த ஒட்டுப் போர்வைகள் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப்போல வெள்ளைச் சுவரில் தொங்கவிடப்பட்டன. கூட்டம் திரண்டது. ஆனால் தைத்தவர் யார் என்பது பெரும்பாலும் பின்னுக்குப் போனது, வடிவமே முன்னின்றது. 1987-இல் சேகரிப்பாளர் எலை லியோன் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடத்திய கண்காட்சி, கறுப்பினப் பெண்களின் போர்வைகளில் உள்ள கைப்போக்கைத் திட்டமிட்ட கலைமுறையாக முன்வைத்தது. அவர் உலகுக்கு அறிமுகம் செய்த ரோசி லீ டாம்ப்கின்ஸ், வெல்வெட் துண்டுகளால் தைத்த போர்வைகளுக்குப் புகழ்பெற்றார்.

ஜீஸ் பெண்டின் முறை 2002-இல் வந்தது. ஆனி மே யங் தைத்த போர்வையின் புகைப்படத்தை நூல் ஒன்றில் பார்த்த வில்லியம் ஆர்னெட், அந்த ஊரைத் தேடிப்போய்ச் சேகரித்தவை முதலில் ஹியூஸ்டனிலும் பிறகு விட்னியிலும் வைக்கப்பட்டன. இம்முறை தைத்தவர்களின் பெயர்களும் கதைகளும் சேர்ந்தே வந்தன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அந்தப் போர்வைகளின் படங்களுடன் பத்து அஞ்சல்தலைகளை வெளியிட்டது. 2015-இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகிய மூவருக்கும் தேசிய மரபுரிமை விருது கிடைத்தது.

சுழலும் கத்தியும் கோணல் வட்டமும்

1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் பீட்சா வெட்டும் சக்கரத்தை ஒத்த சுழல் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கத்தரியால் ஒவ்வொரு துண்டாக வெட்டிய காலம் மாறி, பல அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்ட முடிந்தது. முதலில் இது அளவுத் தையலையே வேகப்படுத்தியது. சில ஆண்டுகளில், அளவுகோலை ஒதுக்கிவிட்டு வெறுங்கையால் வளைவு இழுக்கவும் அதே கத்தி பயன்பட்டது.

அதே ஆண்டில் ஒஹையோ மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் ‘குவில்ட் நேஷனல்’ என்ற கலைக் கண்காட்சி தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நான்சி க்ரோ பல ஆண்டுகள் துல்லியமான வடிவங்களைத் தைத்தவர். லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரைச் சேர்ந்த அன்னா வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் போர்வைகளைக் கண்டபின் அட்டை அளவுகளை விட்டு, துணியில் நேரடியாக வெட்டத் தொடங்கினார். அந்தக் கடனை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். மிச்சிகனின் க்வென் மார்ஸ்டன் 1996-இல் வெளியிட்ட நூல், இந்த முறையைச் சாதாரண வீட்டுத் தையல்காரர்களுக்கும் படிப்படியாகக் கற்றுக்கொடுத்தது.

வட்டத்தைக் கைப்போக்கில் தைக்க மூன்று வழிகள் நிலைபெற்றன. முதலாவது, வேறு நிறச் சதுரங்கள் இரண்டை நல்லபக்கம் மேலே தெரிய அடுக்கி, மூலையிலிருந்து ஒரு வளைவைக் கத்தியால் இழுப்பது. இரண்டு அடுக்கும் ஒன்றாக வெட்டுப்படும். துண்டுகளை மாற்றிச் சேர்த்தால் இரண்டு கால்வட்டக் கட்டங்கள். தையலுக்கென்று கூடுதல் துணி விடாததால் வளைவு சிறிது நகரும், கட்டம் கோணிப்போகும். தைத்து, நீராவி இஸ்திரி போட்டு, பிறகு சதுரமாக நறுக்கிக்கொள்வார்கள். இத்தகைய நான்கு கட்டங்கள் சேரும்போது வளைவின் முனைகள் ஒன்றோடொன்று சரியாகச் சந்திப்பதில்லை. அந்த விலகலே இந்த வகைப் போர்வையின் அழகு. மூலைகள் கழிவாகப் போகாததால் ‘குடிகாரன் பாதை’யின் சிக்கனமும் இதில் திரும்பி வந்துவிடுகிறது.

இரண்டாவது வழி முழு வட்டத்துக்கு. மேல்துணியின் நல்லபக்கத்தில் ஒரு லைனிங் துணியை வைத்து, வட்டமாகத் தைத்து, உட்புறத்தை வெட்டியெடுத்து, ஓரத்தில் சிறுவெட்டுகள் போட்டு, லைனிங்கைத் துளை வழியாகப் பின்பக்கம் திருப்பிவிட்டால் சுத்தமான வட்டச் சாளரம் கிடைக்கும். அதன் பின்னால் வேறு துணியை வைத்துத் தைத்துவிடலாம். மூன்றாவது வழியில், நடுவில் சிறு துண்டை வைத்து ஆப்புத் துண்டுகளைச் சுற்றிச் சுற்றிச் சேர்க்க வேண்டும். ‘வீட்டுக்கூரை’யில் பட்டைகள் வளர்வதுபோல் இதில் வளையங்கள் வளரும். சுற்று மூடவில்லை என்றால் இன்னும் ஓர் ஆப்பு. கூடிப்போய் மேடு தட்டினால் ஒரு மடிப்புத் தையல்.

சங்கமும் சர்ச்சையும்

இணையத்தில் சந்தித்துக்கொண்ட இளைய தலைமுறைத் தையல்காரர்கள் 2009-இல் லாஸ் ஏஞ்சலிசில் ‘மாடர்ன் குவில்ட் கில்ட்’ சங்கத்தைத் தொடங்கினர். தொடங்கிய இருவர் அலிசா ஹெய்ட் கார்ல்டனும் லத்தீஃபா சாஃபிரும். சாஃபிர் வளைவுத் தையலுக்குப் பெயர்பெற்றவர். அழுத்தமான ஒற்றை நிறங்கள், விரிந்த வெற்றிடம், சமச்சீரின்மை, கைப்போக்கு இணைப்பு ஆகியவற்றை நவீன குவில்ட்டின் கூறுகளாகச் சங்கம் வரையறுத்தது. 2013-இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் அதன் முதல் ‘குவில்ட்கான்’ மாநாடு நடந்தது.

இயக்கம் வளர வளர இரண்டு கேள்விகள் எழுந்தன. முதலாவது, யாருடைய முறை என்பது. ஏழ்மையிலும் ஒடுக்குமுறையிலும் உருவான அழகியலை, கடையில் மீட்டர் கணக்கில் புதுத்துணி வாங்கித் துண்டாக்கிப் பின்பற்றுகிறவர்கள் அதன் மூலத்தைச் சொல்ல வேண்டும் என்ற குரல் வலுத்தது. இரண்டாவது, பணம். ஜீஸ் பெண்ட் வடிவங்கள் விரிப்புகளிலும் பரிசுப்பொருள்களிலும் அச்சாகி விற்றபோது, தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று அங்குள்ள சிலர் 2007-இல் வழக்குகள் தொடுத்தனர். 2008-இல் அவை சமரசத்தில் முடிந்தன. அதற்கு முன்பே, 2003-இல், அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் போர்வைகளைத் தாங்களே விற்க ஒரு கூட்டமைப்பை அமைத்திருந்தனர். 2021 முதல் அவர்களில் பலர் எட்சி இணையச் சந்தையில் தனித்தனிக் கடை வைத்துத் தங்கள் பெயரிலேயே விற்கின்றனர்.